நோயுள்ள பூனைக்கு ஒரு வீடு

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1960களின் தொடக்கத்தில், பல பூனைகளை ஒருங்கே வளர்த்துவந்த ஒரு வீட்டில், நிணநீர்த் திசுக்களில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் ஒன்றன்பின் ஒன்றாகப் பூனைகளைப் பற்றிக்கொண்டது. அவற்றுக்கு வைத்தியம் பார்த்துவந்த உள்ளூர்க் கால்நடை மருத்துவர், இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட மனமின்றி, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கால்நடைகளின் நோய்க் காரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லியம் ஜாரெட்டின் கவனத்துக்கு விஷயத்தைக் கொண்டுபோனார். ஜாரெட் அதற்கு முன்பே கன்றுகளின் நுரையீரலில் குடியேறும் புழுவுக்கு எதிரான தடுப்பு மருந்தை உருவாக்கியவர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றவர். மந்தையில் நோய் பரவும் விதத்தைக் கண்கூடாகக் கண்டு பழகியவர். புற்றுநோய் ஒரு ஜீவனிடமிருந்து இன்னொரு ஜீவனுக்குத் தொற்றக்கூடும் என்ற கருத்து அந்நாளைய வைத்தியர்களில் பெரும்பாலோருக்கு உவப்பானதாக இல்லை. கோழிகளின் புற்றுக்கட்டிக்கு ஒரு நுண்கிருமி காரணம் என்று பெய்டன் ரௌஸ் 1911இலும், சுண்டெலிகளின் இரத்தப் புற்றுக்கும் அத்தகைய காரணம் உண்டு என்று லுட்விக் கிராஸ் 1951இலும் காட்டியிருந்தும், அவை ஆராய்ச்சிசாலைக்குள் நிகழும் விசித்திரங்கள் என்றே பலர் எண்ணியிருந்தனர். ஜாரெட்டும் அவருடைய தோழர்களும் பூனையின் கட்டியில் வைரஸ் துகள்கள் இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு, 1964இல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டபோது, மனிதரின் மடியில் உறங்குகிற ஒரு பிராணியின் புற்றுநோய்க்குத் தொற்றே மூலமாக இருக்கலாம் என்பது புலனாயிற்று.

பூனை லுகேமியா வைரஸ் என்று பெயர் பெற்ற அக்கிருமியோடு பிறந்த பூனைகளும், இடையில் அதற்கு ஆட்பட்ட பூனைகளும் இன்று உலகின் பல நாடுகளில் வீடுகளிலும் காப்பகங்களிலும் வாழ்கின்றன. அமெரிக்காவில் பரிசோதிக்கப்படும் பூனைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு இது இருப்பதாகத் தெரிகிறது. அத்தகைய பூனையை வளர்ப்பவர் மருத்துவரின் அறையில் முதன்முதலாக அந்தச் செய்தியைக் கேட்கும் கணத்தில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனம் ஒடிந்துபோவது இயற்கை. ஆனால் செய்யவேண்டியவை நிரம்ப உண்டு. அவற்றில் பெரும்பாலானவை விலையுயர்ந்த மருந்துகளைச் சேர்ந்தவை அல்ல, வீட்டை நடத்தும் முறையைச் சேர்ந்தவை என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இக்கிருமியின் சுபாவத்தை அறிந்துகொள்வது நலம். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ உட்புகும் வைரஸ், தொண்டையை அடுத்த நிணநீர்த் திசுக்களில் பெருகி, இரத்தத்தில் கலந்து, இறுதியில் எலும்பு மஜ்ஜையை அடைகிறது. சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் உற்பத்தியாவது அங்கேதான் என்பதால், அவ்விடத்தை வைரஸ் கைப்பற்றிக்கொண்டால் சரீரம் முழுவதும் அதன் விளைவைச் சுமக்க நேரிடுகிறது. உயிரணுக்களில் மரபுச் செய்தி வழக்கமாக எந்தத் திசையில் எழுதப்படுமோ அதற்கு நேர் எதிரான திசையில் தன் செய்தியை எழுதி, அதைப் பூனையின் சொந்த மரபுப் பொருளுக்குள்ளேயே செருகிவிடும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அவ்வாறு எழுத உதவும் நொதியை ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் தனித்தனியே கண்டறிந்து, 1975இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். செருகப்பட்ட அந்தச் செய்தியைத் திரும்பப் பிடுங்கியெடுக்க இன்றுவரை மருந்து இல்லை. இந்நோய்க்குப் பூரண குணம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் அதுவே.

இவ்வைரஸ் உள்ள பூனைக்கு நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பு, மற்றப் பூனைகளைவிட ஏறத்தாழ அறுபது மடங்கு மிகுதி என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ஆயினும் இத்தகைய பூனைகளை மிகுதியாக வருத்துபவை புற்றைவிட, மஜ்ஜை வாடிப்போவதால் வரும் சோகையும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றுவதால் மற்றப் பூனைகளை எளிதில் விட்டுப்போகும் சாதாரணத் தொற்றுகள்கூட வந்து தங்கிவிடுவதுமே ஆகும். எதிர்ப்புச் சக்தியை இவ்வைரஸ் குலைக்கும் விதத்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த மாக்ஸ் எஸ்ஸெக்ஸ், 1980களின் தொடக்கத்தில் மனிதரிடையே எய்ட்ஸ் நோய் தலைகாட்டியபோது, அதற்கும் இவ்வினத்தைச் சேர்ந்த வைரஸே காரணமாக இருக்கக்கூடும் என்று முன்னதாக எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர். நோயுற்ற பூனைகளிடமிருந்து பெற்ற அறிவு மனிதரின் பெருந்துயரத்தைப் புரிந்துகொள்ளத் துணைநின்றது. அந்த நன்றிக் கடன் நமக்கு உண்டு.

இது பரவும் வழியும் நெஞ்சை உருக்குவதாக இருக்கிறது. நோயுள்ள பூனையின் உமிழ்நீரில் வைரஸ் ஏராளமாக இருக்கிறது. ஒன்றின் முகத்தை ஒன்று நக்கித் துடைப்பதும், ஒரே கிண்ணத்தில் தலை சேர்த்து உண்பதும், ஒன்றையொன்று தழுவி உறங்குவதும் ஆகிய பூனைகளின் சிநேகச் செயல்களே இதற்கு வாகனங்களாகின்றன. சண்டையில் ஏற்படும் கடியும் ஒரு வழி. தாய்ப்பூனை கருவிலேயே குட்டிக்குக் கொடுப்பதும் உண்டு, பாலின் வழியாகவும், நக்கிச் சுத்தம் செய்யும் நாவின் வழியாகவும் கொடுப்பதும் உண்டு. வயதைப் பொறுத்து ஆபத்து வேறுபடுகிறது: சில வாரக் குட்டிக்குத் தொற்று ஏற்பட்டால் அது பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது; முழு வளர்ச்சியடைந்து ஆரோக்கியமாக இருக்கும் பூனையின் உடலோ பல சமயங்களில் எதிர்த்து நின்று வென்றுவிடுகிறது. உடலுக்கு வெளியே இக்கிருமி மிகவும் பலவீனமானது. காய்ந்த தரையில் சில மணி நேரங்களுக்கு மேல் உயிர்த்திருக்காது, சாதாரண சோப்பு நீருக்கே அழிந்துவிடும். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றியதாக எந்த ஆதாரமும் இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இத்தகைய பூனை இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, இந்த வைரஸைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆனால் அந்த அச்சம் ஒரு காலத்தில் பெரிய அழிவை விளைவித்தது. நியூயார்க்கில் வில்லியம் ஹார்டியும் அவரைச் சேர்ந்தவர்களும் 1973இல், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி ஒளிரும் சாயத்தின் உதவியால் இவ்வைரஸைக் காணும் முறையை வெளியிட்டபின், எந்தப் பூனையிடம் கிருமி உண்டு, எதனிடம் இல்லை என்று பிரித்தறிவது சாத்தியமாயிற்று. பிரித்தறிந்தவுடன் மக்கள் செய்த காரியம், கிருமி உண்டென்று தெரிந்தவற்றைக் கொன்றுவிடுவதாக இருந்தது. மனிதருக்குத் தொற்றுமோ என்ற சந்தேகம் அப்போது முற்றிலும் நீங்கவில்லை, தடுப்பூசியும் கிடையாது, பூனைக் கூட்டங்களில் நோயை அடக்க வேறு வழி தெரியாத நிலையில் எடுத்த முடிவு அது என்பதை மறந்து அக்கால மருத்துவர்களை நிந்திப்பது நியாயமாகாது. பரிசோதித்து விலக்கும் அம்முறையால் நோய் வெகுவாகக் குறைந்ததும் உண்மை. ஆயினும், 1985இல் அமெரிக்காவில் முதல் தடுப்பூசி வந்த பிறகும், மனிதருக்கு அபாயமில்லை என்பது தெளிவான பிறகும், நன்றாக உண்டு, விளையாடி, வெயிலில் படுத்துறங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பூனைகள், ஒரு துளி இரத்தத்தில் தோன்றிய அடையாளத்துக்காக மட்டும் பல ஆண்டுகள் தொடர்ந்து உயிரிழந்தன என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது. பரிசோதனையின் முடிவு ஒன்றை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒரு பூனையின் உயிரைப் போக்கக் கூடாது என்று அமெரிக்காவின் பூனை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அந்த முடிவையே எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம். மருத்துவரின் மேஜைமீதே பத்து நிமிஷத்தில் செய்து முடிக்கும் எலிஸா பரிசோதனை, வைரஸின் புரதம் ஒன்று இரத்தத்தில் மிதக்கிறதா என்று பார்க்கிறது. 'பாசிட்டிவ்' என்று வந்தவுடன் நெஞ்சு பதறவேண்டியதில்லை. இரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பி.சி.ஆர். முறையாலும் சோதித்து, சில வாரங்கள் கழித்து மறுபடியும் பார்த்த பிறகே உண்மை நிலை விளங்கும். சில பூனைகளின் உடல் கிருமியை முற்றிலும் விரட்டிவிடுகிறது. வேறு சிலவற்றில் வைரஸின் மரபுச் செய்தி மஜ்ஜையில் ஒளிந்திருந்தாலும், புதிய வைரஸ் உண்டாகாமல் உடல் அதை அடக்கி வைத்திருக்கிறது. இவ்வகைப் பூனைகள் மற்றவற்றுக்கு நோயைக் கொடுப்பதில்லை, பெரும்பாலும் நீண்ட காலம் வாழ்கின்றன. அவற்றின் இரத்தத்தை மட்டும் வேறு பூனைக்கு ஏற்றலாகாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் தளர்ந்தால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளவும் கூடும். மூன்றாம் வகையினவற்றில்தான் வைரஸ் ஓயாமல் பெருகி, பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள் உயிரைக் கவர்ந்துகொள்கிறது. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், இத்தகைய பூனைகளைக் கொல்லாமல் ஏற்று வளர்ப்புக்குக் கொடுத்துவரும் ஒரு காப்பகத்தின் பூனைகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆராய்ச்சி, இரத்தத்தில் வைரஸ் புரதம் மிகுந்திருந்தவற்றில் பாதி ஒன்றரை ஆண்டுக்குள் இறந்துபோனதையும், குறைந்திருந்தவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நான்கு ஆண்டின் முடிவிலும் உயிரோடிருந்ததையும் காட்டிற்று. ஆகவே 'உண்டு' என்ற ஒரு சொல்லுக்குள் இருவேறு வாழ்வுகள் அடங்கியிருக்கின்றன.

இனி வீட்டுக்குள் வருவோம். கதவை அடைத்துப் பூனையை உள்ளேயே வைத்திருப்பதே முதற் கடமை. இதனால் தெருப்பூனைகளுக்கு நோய் போகாது என்பது ஒரு பக்கம். எதிர்ப்புச் சக்தி குன்றிய நம் பூனைக்குத் தெருவிலுள்ள பிற நோய்கள் வராது என்பது அதைவிட முக்கியமான மறுபக்கம். உள்ளே வாழும் பூனைக்கு ஜன்னலோரம் ஓர் இடம், ஏறி அமர உயரமான பலகை, நகம் கீற ஒரு சணல் சுற்றிய கட்டை, மாலையில் சிறிது நேரம் விளையாட ஒரு மனிதத் துணை ஆகியவை அவசியம்; ஏனெனில் சலிப்பும் கலவரமும் பூனையின் உடலை நேரடியாகத் தாக்குகின்றன. வீட்டில் விருந்தினர் கூட்டம், வெள்ளையடிப்பு, பட்டாசு முதலான சந்தர்ப்பங்களில் அதற்கென்று ஓர் அமைதியான அறை இருந்தால் நல்லது. ஆணாயினும் பெண்ணாயினும் கருத்தடை அறுவையைத் தக்க காலத்தில் செய்துவிட வேண்டும். பெண்பூனை கருவுற்றால் குட்டிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை, பிழைப்பவையும் நோயோடு பிறக்கின்றன. ஆண்பூனையோ வெளியே ஓடிச் சண்டையிடும் வேகத்தை அடக்க மாட்டாது.

வெளியே விடுவதன் விளைவு நம் தெருவோடு முடிவதில்லை என்பதற்குக் காட்டுப் பூனையினங்கள் சாட்சி. அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில் ஏறத்தாழ நூறே எஞ்சியிருந்த காட்டுப் பூமாக்களிடையே 2000களின் தொடக்கத்தில் வீட்டுப் பூனையிடமிருந்து இவ்வைரஸ் போய்ச் சேர்ந்து ஐந்து விலங்குகள் இறந்தன. காட்டில் அவற்றைப் பிடித்துத் தடுப்பூசி போட்டு விடவேண்டியதாயிற்று. ஸ்பெயினின் தோஞானா வனத்தில் அழிவின் விளிம்பில் இருந்த ஐபீரிய லின்க்ஸ் பூனைகளிடையே 2007இலும் இதே துன்பம் நேர்ந்தது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் தவறு நேர்வது இங்கேதான் அதிகம். பச்சை மீன், பச்சை இறைச்சி, பச்சை முட்டை, காய்ச்சாத பால் ஆகியவற்றில் உள்ள கிருமிகளை ஆரோக்கியமான பூனை ஒருவாறு சமாளித்துவிடும். இப்பூனைக்கு அவை யமன். மீன் சந்தையில் வாங்கி வந்த மீன் தலையைத் தூக்கிப் போடும் பழக்கத்தை விட்டு, நன்றாக வேகவைத்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் குழம்பில் பிசைந்த சோற்றைப் பூனைக்கு வைப்பது வழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும் தன்மையுடையவை என்பது பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே சோகையின் வாயிலில் நிற்கும் ஒரு ஜீவனுக்கு, அன்போடு வைக்கும் அந்தக் குழம்புச் சோறு மெல்லக் கொல்லும் விஷமாகிவிடும். வெறும் சோறும் தயிரும் பூனையின் உடலுக்குப் போதா. அது இயல்பில் மாமிச பட்சிணி, புரதம் நிறைந்த உணவே அதற்கு உயிர். கடையில் விற்கும் தரமான பூனை உணவைக் கொடுக்க வசதியுள்ளவர்கள் அதையே கொடுக்கலாம். இல்லாதவர்கள் உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்த கோழியையும் மீனையும் முக்கிய உணவாகக் கொண்டு, அதில் எவை குறையும் என்பதை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். பசி மந்தித்திருக்கும் நாளில் உணவை வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழுந்து பூனையை அழைக்கும். இரண்டு மூன்று நாள் முற்றிலும் உண்ணாமல் கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியும் என்பதால், 'நாளை சாப்பிடும்' என்று காத்திருத்தல் கூடாது.

காய்ச்சல் கண்ட பூனைக்கு, மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. எந்தப் பூனைக்கும், எந்த அளவிலும், ஒருபோதும் அதைக் கொடுக்கக் கூடாது. அதன் விஷத்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து சில மணி நேரத்திலேயே பூனை இறக்கக்கூடும்.

தன் நோயை மறைத்துக்கொள்வது பூனையின் பிறவிக் குணம். வேட்டையாடிப் பிழைத்த முன்னோர்களிடமிருந்து வந்த அக்குணத்தால், வலியால் துடிக்கும் பூனையும் மூலையில் மௌனமாக உட்கார்ந்திருக்குமே தவிர அரற்றாது. ஆகையால் அதனோடு வாழ்பவரின் கண்ணே அதற்கு வாய் ஆகவேண்டும். வாரம் ஒருமுறை, கையில் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, பிறகு நம் எடையைக் கழித்துக் குறித்துவைப்பது ஓர் எளிய, பயனுள்ள பழக்கம். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இருநூறு கிராம் குறைவதென்பது அற்ப விஷயமன்று. உதட்டை மெல்ல விலக்கி ஈறுகளைப் பார்க்க வேண்டும்: அவை இளஞ்சிவப்பாக இருந்தால் நன்று, வெளிறி வெண்மையாகத் தோன்றினால் சோகை, அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஈறு சிவந்து வீங்குதல், வாயில் நாற்றம், உணவருகே ஆவலோடு வந்து ஒரு வாய் கவ்வியதும் திரும்பிப் போதல் ஆகியவை வாய்ப்புண்ணின் அடையாளங்கள். இந்தப் பூனைகளை மிகுதியாக வருத்தும் துன்பங்களில் அது ஒன்று. பல் சுத்தம் செய்தும், சில சமயங்களில் பற்களை எடுத்துமே ஆற்ற வேண்டியிருக்கும். உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தால், நலமான பூனைக்கு முப்பதுக்குள் இருக்கும். அதற்கு மேல் போய்க்கொண்டேயிருந்தால், இளம்பூனைகளின் மார்புக் குழிக்குள் இந்நோயினால் எழும் கட்டியோ நீர்க்கோவையோ காரணமாக இருக்கக்கூடும். இரு கண்மணிகளின் அளவும் வேறுபட்டுத் தோன்றுதல், தீராத வயிற்றுப்போக்கு, ஆறாத புண், ரோமத்தின் பளபளப்பு மங்குதல், தன்னை நக்கிச் சுத்தம் செய்வதைப் பூனை கைவிடுதல் ஆகிய எதையும் அலட்சியம் செய்யலாகாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நோய் ஒன்றும் தென்படாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டி இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் செய்வது அவசியம். தெள்ளுப்பூச்சியையும் உண்ணியையும் ஒழிப்பதில் சோம்பலே கூடாது. தெள்ளு இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாமல், சிவப்பணுக்களின்மேல் ஒட்டி வாழ்ந்து அவற்றை அழிக்கும் வேறொரு நுண்கிருமியையும் பூனையிடையே பரப்புவதாகக் கருதப்படுகிறது. அந்தச் சோகைக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தால் சிகிச்சை உண்டு என்பதால், சோகை என்றவுடன் எல்லாம் முடிந்தது என்று கருதாமல் காரணத்தை ஆராயச் சொல்லிக் கேட்க வேண்டும். அம்மாத்திரை உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். கொடுத்தவுடன் சிறிது நீரோ உணவோ புகட்டுவது நல்லது. வைரஸையே தாக்கும் மருந்துகளாக இன்டர்ஃபெரானும், மனிதரின் எய்ட்ஸுக்கு முதலில் வழங்கப்பட்ட ஸிடோவுடினும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன; பயன் அவ்வளவாக இல்லை, பின்னது சோகையை வளர்த்துவிடவும் கூடும். நிணநீர்ப் புற்று வந்தபின் கொடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பூனைகள், மனிதரைப்போல் அல்லாமல், பெரும்பாலும் நன்றாகத் தாங்கிக்கொள்கின்றன. சில மாதங்கள் சுகமாகக் கழியக்கூடும். இந்நோய்க்கு மந்திர மருந்து வைத்திருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பி, அந்தப் பணத்தை உணவிலிருந்தும் பரிசோதனையிலிருந்தும் பறித்துவிடாதிருக்குமாறு அன்போடு வேண்டிக்கொள்கிறேன்.

வீட்டில் வேறு பூனைகளும் இருந்தால் சங்கடம் பெருகுகிறது. ஒன்றுக்கு உண்டென்று தெரிந்தால் அனைத்தையும் பரிசோதிக்க வேண்டும். நோயில்லாதவற்றைத் தனி அறையில் பிரித்துவைத்து, கிண்ணமும் மணல் தட்டும் வேறாக்குவதே பாதுகாப்பானது. வசதியில்லாமலோ, பிரித்தால் இரண்டும் ஏங்கி வாடும் என்பதாலோ அப்படிச் செய்ய இயலாதவர்கள், நோயில்லாதவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, மிச்சமிருக்கும் சிறிய அபாயத்தை அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த வளர்ந்த பூனைகளைப் பொறுத்தவரை அம்முடிவை நான் குறைகூற மாட்டேன். புதிய குட்டியை அத்தகைய வீட்டுக்குக் கொண்டுவருவது மட்டும் ஒருபோதும் தகாது. தடுப்பூசியைக் குட்டிக்கு எட்டு வார வயதுக்கு மேல், மூன்று நான்கு வார இடைவெளியில் இரு தவணையாகப் போட்டு, ஓராண்டு கழித்து மறுபடியும் போடுகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் மிக அரிதாகக் கட்டி எழுவதுண்டு என்பதால், மேலை நாட்டு மருத்துவர்கள் அதை இடது பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் போடுவது வழக்கம். நம் நாட்டில் பூனைகளுக்கு வழக்கமாகப் போடும் மூன்று நோய்த் தடுப்பூசியில் இது அடங்காது. வெறிநோய் ஊசியிலும் அடங்காது. ஏற்கெனவே நோயுள்ள பூனைக்கு இந்த ஊசியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒருநாள் வருகிறது. சோகை முற்றி, இரத்தம் ஏற்றினாலும் சில நாட்களே நிற்கும் நிலையில், அல்லது மூச்சுவிடுவதே பெரும் பிரயாசையாகிவிட்ட நிலையில், வலியின்றி உயிர் பிரிய மருத்துவரின் உதவியை நாடுவதா என்ற கேள்வி வளர்ப்பவர்முன் வந்து நிற்கும். உயிரைப் போக்க நமக்கு உரிமை உண்டா என்று தர்ம சங்கடப்படுபவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். எனினும், உணவு, உறக்கம், வெயில், நம் மடி ஆகிய தனக்குப் பிரியமானவற்றில் ஒன்றுகூடப் பூனைக்கு மகிழ்ச்சி தராத நிலையை நாள்தோறும் குறித்துவைத்துப் பார்த்து, நல்ல நாட்களைவிடத் துன்ப நாட்கள் பெருகிவிட்டன என்று கண்டபின் எடுக்கும் முடிவும், பரிசோதனைத் தாளைக் கண்டவுடன் அச்சத்தால் எடுக்கும் முடிவும் ஒன்றாகா. முன்னது சேவையின் கடைசிப் பகுதி. அந்நேரத்தில் வளர்ப்பவர் அருகில் இருந்து, தெரிந்த குரலும் தெரிந்த கையும் பூனைக்குக் கிடைக்கும்படி செய்தல் வேண்டும். இயன்றால் மருத்துவரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

பூனை மறைந்த வீட்டில் இன்னொன்றை எப்போது வளர்க்கலாம் என்று கேட்பார்கள். கிருமி நீண்ட நாள் தங்குவதில்லை என்பதால், கிண்ணங்களையும் படுக்கையையும் சோப்பு நீரில் கழுவி, மணல் தட்டைப் புதிதாக மாற்றி, சில வாரங்கள் விட்டால் வீடு தூய்மையாகிவிடும். வரும் பூனையை முதலில் பரிசோதித்து, தடுப்பூசி கிடைக்குமானால் போட்டுக்கொண்டால் போதும். ஆஸ்டினைப் போன்ற ஊர்களின் காப்பகங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. இந்நோயுள்ள பூனைகள் ஒன்றுக்கொன்று தொற்றை அஞ்சவேண்டியதில்லை என்பதால், அவற்றை ஜோடியாகவும் தத்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே ஒன்றை வளர்த்து, எடை குறித்து, ஈறு பார்த்து, மருந்து புகட்டிப் பழகிய கைகளைத் தேடி அடுத்த பூனையை ஒப்படைக்கிறார்கள்.